நாலு டயரும் போச்சு என்கிறார்கள்: வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் காருக்கு ஆறு வயது. திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வேலைக்குப் போய்வரத்தான் பெரும்பாலும் எடுக்கிறோம், 34,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஐப்பசியில் கொடைக்கானல் போகிறோம். காற்றுப் பிடித்த இடத்தில், "நாலு டயரும் போச்சு, மாத்திருங்க" என்றார்கள். எனக்கோ டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) இருப்பதுபோலத்தான் தெரிகிறது. வீட்டிலேயே சரிபார்க்க முடியுமா?

பதில்: முடியும். இடம் மாற்றிப் போடாத நான்கு டயர்கள் சேர்ந்தாற்போல் தேய்வது அபூர்வம். முன்சக்கரத்தால் இழுக்கும் காரில் முன்னிரண்டும்தான் முதலில் தேயும். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒரு தீக்குச்சி போதும். மருந்தில்லாத முனையைப் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் நேராக இறக்கி, பட்டனின் மேல்மட்டத்தில் நகத்தால் பிடித்து வெளியே எடுத்து, ஸ்கேலில் வைத்து அளங்கள். ஸ்கேலையே உள்ளே குத்தினால் கணக்குத் தப்பும். அதில் பூஜ்ஜியக் கோடு பெரும்பாலும் ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். பள்ளத்தில் ஜல்லி மாட்டியிருந்தால் முதலில் நெம்பி எடுத்துவிடுங்கள்.

புது கார் டயரில் பள்ளம் ஏறக்குறைய 7, 8 மி.மீ. இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அந்த உயரத்துக்குப் பள்ளத்தின் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகளை டயரிலேயே வைத்திருக்கிறார்கள். டயரின் தோள்பக்கம், அதாவது பட்டனும் பக்கச்சுவரும் சேரும் ஓரத்தில், சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. (TWI) என்ற எழுத்துகளோ இருக்கும் இடத்துக்கு நேரே தேடினால் கிடைக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். ஆனால் மழையில் சாலைத் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். மலை ஏறப்போகிறவர் என்பதால், 3 மி.மீ.க்குக் கீழே போனதை மாற்றிவிடுங்கள் என்பேன்.

இனிமேல்தான் முக்கியமானது. நின்றபடி பார்த்தால் வெளிப்பக்கம் மட்டுமே தெரியும். உள்விளிம்பு மொட்டையாகி இருந்தாலும் வெளியே பட்டன் பளிச்சென்று இருக்கும். உங்களுக்கு "இருப்பதுபோல" தெரிவது இதனாலும் இருக்கலாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் ஒடித்து முன் டயர்களைப் பாருங்கள். பின் டயர்களுக்கு செல்போன் டார்ச்சைப் போட்டு, கையை உள்ளே நீட்டி வீடியோ எடுங்கள். பிறகு காரைக் கொஞ்சம் நகர்த்தி, தரையில் பதிந்திருந்த பாகத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் இருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். (அடிக்கடி மலைக்குப் போகிற காரில் வளைவுகளாலும் முன் டயர்களின் வெளி ஓரம் தேயும்.) திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டன் நன்றாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2320 என்றால் 2020-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும். ஆறு வருடம் மதுரை வெயிலில் நின்ற ரப்பரில் நுண்ணிய வெடிப்புகள் ஓடத் தொடங்கியிருக்கலாம். வெடிப்பு ஆழமாக இருந்தாலோ, பக்கச்சுவர் எங்காவது புடைத்திருந்தாலோ, அந்த டயரோடு நான்குவழிச் சாலைக்கே போகாதீர்கள், கொடைக்கானல் இருக்கட்டும்.

இரண்டுதான் மாற்ற வேண்டும் என்று முடிவானால் புதியதைப் பின்சக்கரத்தில் போட்டு, மீதி பழைய இரண்டை முன்னால் போடச் சொல்லுங்கள், அவற்றில் போதிய பட்டன் இருக்கும்பட்சத்தில். முன்னால்தான் போட வேண்டும் என்று கடையில் வாதிடுவார்கள். ஆனால் ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிப்பது கஷ்டம். ஸ்டெப்னியின் காற்றையும் வயதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.