நாற்பது லேபிள்கள்

அன்புள்ள ஐயா,

பொறியியல் முடித்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வேலை தேடும் நேரம் போக, இலவச கிரிப்டோ நாணயங்களுக்காகத் தினமும் நான்கு மணி நேரம் செலவிடுகிறேன். திரையைத் தட்டித் தட்டி நாணயம் சேர்க்கும் ஹாம்ஸ்டர் காம்பாட் என்ற டெலிகிராம் விளையாட்டுக்காக வீட்டிலிருந்த மூன்று கைபேசிகளிலும் தானாகவே தட்டும்படி ஒரு நிரல் எழுதி ஓடவிட்டேன். இரண்டு கணக்குகளை நீக்கிவிட்டார்கள். மூன்றாவதில் முந்நூறு ரூபாய்கூட வரவில்லை. நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இந்த உழைப்புக்குப் பலன் உண்டா? வரி கட்ட வேண்டுமா?

பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள தம்பி,

வரியை முதலில் முடித்துவிடுகிறேன். கிரிப்டோவை விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீதம். ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. முந்நூறு ரூபாயை வைத்துக்கொண்டு இதற்குமேல் பேச ஒன்றுமில்லை. நண்பர்கள் கேலி செய்யத்தான் செய்வார்கள், விடுங்கள்.

இனி பலனுக்கு வருகிறேன். 2010இல் கேவின் ஆண்ட்ரெசன் என்ற நிரலாளர், தன் தளத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு ஐந்து பிட்காயின் கொடுத்தார். அன்று அதற்கு ஒரு டீகூடக் கிடைக்காது. 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளம், அதற்குமுன் தன்னைப் பயன்படுத்தியிருந்த ஒவ்வொரு கணக்குக்கும் தன் புதிய நாணயங்களில் 400ஐ இலவசமாக ஒதுக்கியது. அன்றைய விலைக்கே ஆயிரம் டாலருக்கு மேல். பெற்றவர்களில் பெரும்பாலோர் அதற்காகக் காத்திருந்தவர்கள் அல்லர், தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் ஊரே பாத்திரத்தோடு வந்து நின்றது. 2024 செப்டம்பர் 26 அன்று ஹாம்ஸ்டர் நாணயத்தைப் பகிர்ந்தபோது பந்தியில் கோடிக்கணக்கானவர்கள். இலையில் என்ன விழும்?

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு டீத்தூள் கம்பெனி, நாற்பது லேபிள் கொண்டுவந்தால் எவர்சில்வர் டிபன் கேரியர் என்று அறிவித்தது. உதிரித் தூள் வாங்கிக்கொண்டிருந்த அம்மா பாக்கெட்டுக்கு மாறினாள். நான் டீக்கடைகளின் பின்பக்கக் குப்பையைக் கிளறினேன். ஈர லேபிள்களைத் திண்ணைச் சுவரில் ஒட்டிக் காயவைப்பேன். காய்ந்ததும் ஓரம் சுருண்டு அவையாகவே உதிரும். உள்ளங்கையில் இரவுவரை துவர்ப்பு வாசனை. பரீட்சைக்கு முந்தைய நாள்கூட அலைந்தேன். கணக்கில் நாற்பத்தியொன்று வாங்கினேன், லேபிளில் முப்பத்தெட்டு. மீதி இரண்டுக்காக அம்மா ஒரே நாளில் இரண்டு பாக்கெட் வாங்கினாள். கொண்டுபோனால், திட்டம் போன மாதமே முடிந்துவிட்டது என்றார் கடைக்காரர். பிறகு மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் அந்தத் தூளில்தான் டீ. வாங்கிக் குவித்தது தீர வேண்டுமே. எனக்கு அந்தத் தூளே பிடிக்காது.

எனக்காவது பத்து வயது. பட்டம் வாங்கிய உங்களுக்கு என்ன வந்தது? நான்கு மணி நேரம், எட்டு மாதம், பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரம்! முந்நூறு ரூபாயை அதனால் வகுத்தால் மணிக்கு முப்பது காசு. அந்தக் கூலிக்கு உங்களை யாராவது வேலைக்குக் கூப்பிட்டிருந்தால் அடிக்கப் போயிருப்பீர்கள். இலவசம் என்று பெயர் வைத்ததால் மூன்று கைபேசியோடு போயிருக்கிறீர்கள். இனி எந்தத் தளமாவது உங்கள் கிரிப்டோ பணப்பையின் சாவியான பன்னிரண்டு ரகசியச் சொற்களைக் கேட்டு, நீங்களும் கொடுத்தால் அந்த முந்நூறும் போகும்.

கோபத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். மூன்று கைபேசிகளும் தாமாகத் தட்டும்படி நிரல் எழுதியதாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அது கள்ளாட்டம்தான், கணக்கை நீக்கியது நியாயம்தான். ஆனால் அதை எங்கே கற்றீர்கள்? எழுத எத்தனை நாள் ஆனது? வேலைக்கான விண்ணப்பத்தில் அதைப்பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.