பசுவய்யாவைத் தேடுங்கள், சு.ரா. கிடைப்பார்

கேள்வி: மல்லாவியில் தமிழ் கற்பிக்கிறேன். 'ஒரு புளியமரத்தின் கதை' வாசித்த உயர்தர மாணவி ஒருத்தி, "சுந்தர ராமசாமி கவிதையும் எழுதினவராம், எங்க எடுக்கலாம் ரீச்சர்?" என்று கேட்டாள். இங்குள்ள நூலகத்தில் அவர் பெயரில் நாவலும் சிறுகதையும்தான் இருக்கின்றன. இணையத்தில் துண்டு துண்டாக வருகிறது. அவற்றை நம்பி வகுப்புக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: நீங்கள் தேடிய பெயர்தான் சிக்கல். கதைக்குச் சொந்தப் பெயரை வைத்துக்கொண்ட சு.ரா., கவிதைக்குப் 'பசுவய்யா' என்று போட்டார். அந்தக் காலத்து எழுத்தாளரிடம் இது புதுமையில்லை. புதுமைப்பித்தன் கவிதையில் வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை, க.நா.சு. கவிதையில் மயன். ஆகவே நூலகப் பட்டியலில் பசுவய்யா, பசுவையா என்று இரண்டு விதமாகவும் பாருங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி முறைப்படி அடுக்கிய நூலகமென்றால் தமிழ்க் கவிதை 894.8111இல் இருக்கும், நாவல் 894.8113இல். இரண்டும் வேறு தட்டுகள். நாவல் தட்டில் நின்று எவ்வளவு தேடினாலும் கவிதை கையில் அகப்படாது.

தொகுப்புகள் இவை: 'நடுநிசி நாய்கள்' (1975), 'யாரோ ஒருவனுக்காக' (1987), '107 கவிதைகள்' (1996). பிறகு 2005இல், அவர் காலமான ஆண்டில், காலச்சுவடு 'சுந்தர ராமசாமி கவிதைகள்' என்று சொந்தப் பெயரிலேயே வெளியிட்டது. உங்களுக்கு வேண்டியது இந்தக் கடைசிப் புத்தகம்தான். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ தமிழகப் புத்தகம் எடுப்பிக்கும் கடையில் தலைப்பையும் பதிப்பகத்தையும் எழுதிக் கொடுங்கள். "சு.ரா. கவிதை இருக்கா" என்று வாயால் கேட்டால் பெரும்பாலும் புளியமரத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

இரண்டு இடத்தில் கவனம். 'நடுநிசி நாய்கள்' என்று கூகிளில் தட்டினால் 2011இல் வந்த கௌதம் மேனன் படம்தான் முன்னால் நிற்கும். 'பசுவய்யா' என்பதையும் சேர்த்துத் தட்டுங்கள். அடுத்தது 'தொலைவிலிருக்கும் கவிதைகள்'. அது அவர் மொழிபெயர்த்த பிறமொழிக் கவிதைகள். மாணவி அதை அவருடைய சொந்தக் கவிதை என்று கட்டுரையில் எழுதிவிடக்கூடாது.

மூலத்தைப் பார்க்க ஆசையென்றால் 'எழுத்து' இதழுக்குப் போகவேண்டும். சி.சு. செல்லப்பா 1959இல் சென்னையில் தொடங்கி 1970 வரை நடத்தியது. பசுவய்யாவின் முதல் கவிதை 'உன் கை நகம்' அந்த முதல் ஆண்டிலேயே வந்தது. புளியமரம் நூலானது 1966இல்தான். அதனால் இதை ஒரு நாவலாசிரியர் பொழுதுபோகாமல் எழுதிப் பார்த்த கவிதை என்று நினைத்துத் திறக்காதீர்கள்; தமிழில் புதுக்கவிதை நிலைகொண்ட இடத்திலேயே இவரும் இருந்தார். நம் திருகோணமலைக்காரர் தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள், எழுதியதும் அதே இதழில்தான். மாணவிக்கு இதைச் சொன்னால் இன்னும் கொஞ்சம் ஆர்வம் வரும். பழைய இதழ்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை முதலில் பாருங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்கச் சொல்லலாம்.

'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் அவருடைய தொகுப்புகளை எதிர்பார்க்காதீர்கள்; அது பிரதானமாக ஈழத்து வெளியீடுகளுக்கானது. ஆனால் 'அலை', 'மல்லிகை' போன்ற நம்முடைய பழைய சஞ்சிகைகள் அங்கே இருக்கின்றன. தமிழகத்துப் புதுக்கவிதையை இங்குள்ளவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று தேட அதுதான் நல்ல இடம். போரில் வன்னியில் வீட்டுப் புத்தக அலுமாரிகள் எத்தனையோ அழிந்துபோன பிறகு, கைபேசியில் அந்தப் பக்கங்களைப் புரட்ட முடிவதே பெரிய காரியம்.

சரி, இணையத் துண்டுகளை நம்பலாமா? வாசிக்கலாம், வகுப்புக்கு வேண்டாம். பகிர்கிறவர்கள் வரியை உடைத்து, பத்தியை விழுங்கி, சிலவேளை தலைப்பையே மாற்றிவிடுகிறார்கள். உரைநடையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். புதுக்கவிதையில் வரி எங்கே முறிகிறது என்பதே பாதிக் கவிதை. அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுவிட்டுப் போட்டோக்கொப்பி எடுங்கள்.

எதில் தொடங்குவது என்றும் கேட்பாள். 'உன் கவிதையை நீ எழுது', 'என் நினைவுச் சின்னம்' இரண்டையும் முதலில் கொடுங்கள். 'எழுத்து' காலத்துக் கவிதைகள் கொஞ்சம் இறுக்கமானவை, அப்புறம் பார்க்கலாம்.