என் பட்டா நிலத்தில் கிடைத்த மண்ணுளிப் பாம்பு எனக்குச் சொந்தமா?

உங்கள் கேள்வி இது: நேற்று உழும்போது சொந்த நிலத்தில் மண்ணுளிப் பாம்பு ஒன்று கிடைத்தது, பக்கெட்டில் போட்டு வைத்திருக்கிறேன். என் நிலத்தில் கிடைத்ததால் அது எனக்குச் சொந்தம்தானே? வைத்துக்கொள்ளவோ விற்கவோ அனுமதி வாங்க முடியுமா?

சொந்தமில்லை. விற்க அனுமதி என்று ஒன்று கிடையவே கிடையாது. பாம்பு பக்கெட்டில் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியை நிதானமாகப் படியுங்கள், ஆனால் இன்றைக்கே படியுங்கள்.

பட்டா உங்களுக்கு மண்ணைத்தான் தருகிறது. அந்த மண்ணில் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். சந்தன மரம் தானாக முளைத்து வளர்ந்தாலும் வெட்டுவதற்கு வனத்துறையிடம் போய் நிற்க வேண்டும். காட்டுயிர் விஷயத்தில் சட்டம் இதைவிடக் கண்டிப்பானது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்குள் மட்டும்தான் செல்லும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. உங்கள் கொல்லை, வரப்பு, கிணற்று மேடு, வைக்கோல் போர் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தந்திருக்கும் விளக்கத்தை ஒவ்வொரு விவசாயியும் ஒருமுறை படிக்க வேண்டும். கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து வரவழைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். பறவைகளையும் ஊர்வனவற்றையும் தனியே குறிப்பிட்டு, அவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் சேர்த்திருக்கிறார்கள். எனவே புற்றுக்குள் முட்டை இருப்பது தெரிந்தே ஜேசிபி விட்டு இடித்தாலும் அது இந்த விளக்கத்துக்குள் வந்துவிடும்.

இனி சொந்தம் பற்றி. 39ஆவது பிரிவின்படி வேட்டையாடப்பட்ட விலங்கு, சட்டத்தை மீறிப் பிடித்தது, செத்துக் கிடந்தது, தவறுதலாகக் கொல்லப்பட்டது எல்லாமே அரசின் சொத்து. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு நேற்றிலிருந்து நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பல வருடங்களுக்கு முன் என் சித்தப்பாவுக்கு வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு மண்ணுளி கிடைத்தது. இரண்டே நாளில் எங்கிருந்தோ ஒரு தரகர் வந்துவிட்டார். இத்தனை கிலோ எடை வந்தால் இத்தனை லட்சம் என்று கணக்குச் சொன்னார். சித்தப்பா நம்பிவிட்டார், கடன் இருந்தது. எடை ஏற வேண்டும் என்று பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு முட்டை, கோழிக்குஞ்சு என்று வைத்துப் பார்த்தார். அது எதையும் தொடவில்லை. பொலபொலவென்ற மண்ணுக்குள் புதைந்து கிடந்து எலி பிடித்துத் தின்னும் உயிர், வழுவழுப்பான டிரம்மில் சுற்றிச் சுற்றி வந்து மூக்கில் புண் வைத்துக்கொண்டது. மூன்றாவது வாரம் செத்துப்போனது. அதற்குள் 'பரிசோதனைச் செலவு' என்று பதினைந்தாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்ட தரகர் அதன் பிறகு போனை எடுக்கவில்லை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பணம் போனதைவிட, ஒன்றும் செய்யாத ஒரு உயிரைக் கொன்றுவிட்டோமே என்றுதான் அவர் அழுதார்.

மண்ணுளிக்கு விஷம் இல்லை. இரண்டு தலையும் இல்லை. வால் மழுங்கலாக இருப்பதால் தலைபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். வாலும் வாய் மாதிரித் தெரிய வேண்டும் என்று அதில் சூடு வைக்கிறவர்களும் உண்டு. நோய் தீர்க்கும், அதிர்ஷ்டம் தரும் என்பதெல்லாம் விற்பதற்காகக் கட்டிய கதை. உங்கள் நிலத்தில் எலியைக் குறைக்க அது கூலி கேட்காமல் உழைக்கிறது.

அனுமதி யாருக்குத்தான் கிடைக்கும் என்று கேட்பீர்கள். தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் தருவார். கல்வி, அறிவியல் ஆய்வு, உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுப்பது என்று குறிப்பிட்ட சில காரணங்களுக்கு மட்டும்தான். நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது, வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். 1972 சட்டமும் அதன் பின் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் பிழைப்பைப் பறித்தபோது, விஷம் எடுக்கும் உரிமம் பெற்றுத்தான் மீண்டு வந்தார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நான்கு வகை மட்டும், அதிலும் அரசு சொல்லும் எண்ணிக்கைக்குள். சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலைக் கொஞ்சம் கத்தரித்து, திரும்ப விட்டுவிட வேண்டும். நாடு முழுவதும் பாம்புக்கடி மருந்துக்கு விஷம் தருகிறவர்களுக்கே இவ்வளவு கட்டுப்பாடு.

சரி, ஆளை அடிக்க வரும் பாம்பை என்ன செய்வது? உங்களையோ இன்னொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு தாக்கினால் அது குற்றமில்லை என்று 11ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அப்படிச் செத்த பாம்பும் அரசின் சொத்துதான். புற்றில் தன்பாட்டுக்கு இருப்பதைத் தேடிப்போய் அடித்துவிட்டு இந்தப் பிரிவைக் காட்ட முடியாது.

தண்டனையும் தெரிந்திருக்க வேண்டும். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சட்டத்தில் கூடுதல் பாதுகாப்புக்கென்று தனியே பட்டியலிட்டிருக்கும் முதல் அட்டவணை உயிர்கள் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. உடும்பும் மலைப்பாம்பும் அதில் இருக்கின்றன. 'நம்ம கொல்லை உடும்புதானே' என்று கறிக்குப் பிடிப்பவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எங்கள் நிலத்தில் புற்று ஒன்று இருக்கிறது. ஒரு வைகாசியில் வரப்பு வெட்டும்போது அதில் நாகப்பாம்பு முட்டை தெரிந்தது. பக்கத்து ஊர் இருளர் பெரியவரை அப்பா கூப்பிட்டுக் காட்டினார். குனிந்து பார்த்துவிட்டு, "ஆடி முடியட்டும் ஐயா, பொரிச்சுப் போயிரும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் ஆள வுடாதீங்க" என்றார். வெட்டியதை ஈர மண்ணால் மூடிவிட்டு அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டோம். ஆடி கழிந்து பார்த்தபோது ஓடுகள்தான் கிடந்தன.

இப்போது உங்கள் பக்கெட்டுக்கு வருவோம். நிழலில் வையுங்கள், கொஞ்சம் மண் போடுங்கள், காற்றுப் போகிற துணியால் மூடுங்கள். தீனி எதுவும் வைக்க வேண்டாம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், தரகர்கள் மோப்பம் பிடிப்பது அங்கேதான். உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு உடனே போன் செய்யுங்கள். எண் தெரியாவிட்டால் தீயணைப்புத் துறையின் 101ஐக் கூப்பிடுங்கள், அவர்களும் பாம்பு பிடிக்க வருவார்கள். வருகிறவரிடம் எதையும் மறைக்காமல், உழும்போது கிடைத்தது, என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்து வைத்தேன் என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த மூலையில் கிடைத்தது என்று இடத்தையும் காட்டுங்கள். முடிந்தால் அங்கேயே விடச் சொல்லிக் கேளுங்கள், அதன் வளையும் எலியும் அங்கேதான் இருக்கின்றன.