ராத்திரியில அந்தத் துப்பாக்கி எங்க தூங்குது?

வாசகர் கடிதம்:

அண்ணே வணக்கம். போன வாரம் நீங்க துப்பாக்கி சட்டத்த இன்னும் இறுக்கணும்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் கோவந்தான் வந்துச்சு. கொடைக்கானல் மலையில தாண்டிக்குடி பக்கம் மூணு ஏக்கர்ல காப்பி, மிளகு, வாழை வச்சிருக்கேன். காட்டுப்பன்னி ஒரே ராத்திரியில நாப்பது வாழையக் கெழங்கோட நோண்டிப் போட்டுட்டுப் போயிருச்சு. பயிர் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் கேட்டு திண்டுக்கல்லுக்கும் மலைக்கும் அலைஞ்சு செருப்பு தேஞ்சதுதான் மிச்சம், கடைசியில வேற வழி பாத்துக்கிட்டேன். குடகுல லைசென்ஸே இல்லாம வச்சிருக்கான், அமெரிக்காவுல கடையில போய் காசு குடுத்து வாங்குறான், நமக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? கெட்டவன் என்ன லைசென்ஸ் வாங்கிட்டா சுடுறான்? நீங்க ஒருநாளாச்சும் ராத்திரி காவலுக்குப் போயிருக்கீங்களாண்ணே? வீட்ல ரெண்டு சின்னப் புள்ளைங்கள விட்டுட்டு நான் தெனமும் போறேன். பேர் போட வேணாம்.

பதில்:

தம்பி, போயிருக்கேன். பண்ணைக்காட்டுக்குக் கீழ எங்க சித்தப்பா தோட்டம், எனக்கு அப்ப பதினஞ்சு வயசு இருக்கும், கம்பளியப் போத்திக்கிட்டு பரண் மேல உக்காந்து தகர டின்னத் தட்டிக்கிட்டே ஒரு சீசன் முழுக்க ஓட்டியிருக்கேன். பன்னி பூந்த தோட்டம் விடிஞ்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், குலை தள்ளப்போற மரமாப் பாத்துத்தான் சாய்ச்சிருக்கும். உங்க கோவத்துல ஒரு தப்பும் இல்ல. (இந்த மலையிலயே பன்றிமலைன்னு ஒரு ஊர் இருக்கு, பேர் வச்ச புண்ணியவான் நம்மள அப்பவே எச்சரிச்சுட்டுத்தான் போயிருக்கான்.)

ஆனா அந்தப் பரண்ல எங்களோட இன்னொண்ணும் இருந்துச்சு. சித்தப்பாவோட நாட்டுத் துப்பாக்கி. ஒற்றைக்குழல், வாய் வழியா கெட்டிக்கிறது. கருமருந்து போட்டு, தேங்கா நாரைச் சுருட்டி வச்சு, ஈய ரவை கொட்டி, மறுபடி நாரு வச்சு கம்பியால இடிச்சு, பின்னாடி கேப்ப (குதிரைங்கற சுத்தியல் அடிச்சா பொறி தட்டி மருந்தப் பத்த வைக்கிற சின்ன மூடி) மாட்டினா ரெடி. இதப் பாக்காதவங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது, இத ஒருதடவை கெட்டிச்சுட்டா லேசுல காலி பண்ண முடியாது. தோட்டா போடுற துப்பாக்கின்னா மடக்கி தோட்டாவ உருவிட்டு மூடி வச்சிரலாம். இதுல ஒண்ணு சுட்டுத் தீக்கணும், இல்ல திருகு கம்பிய உள்ள விட்டு நாரைக் கொஞ்சம் கொஞ்சமா நோண்டி எடுக்கணும். விடியக்காலைல தூக்கக் கலக்கத்துல எவன் நோண்டுவான், வானத்தப் பாத்து சுட்டா மருந்தும் ரவையும் வீண், சத்தம் கேட்டு பாரஸ்ட்காரன் வேற வருவான். அதனால பன்னி வராத ராத்திரிக்கெல்லாம் அது கெட்டிச்சபடியே வீட்டுக்கு வந்துரும். எங்க மலையில முக்காவாசி வீட்ல இப்படித்தான் இருந்துச்சு.

அன்னைக்கு சித்தப்பா கேப்ப எடுக்க மறந்துட்டாரு. அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி சாத்தி வச்சுட்டுப் படுத்துட்டாரு. கோழி ஒண்ணு உள்ள வந்துச்சு, அத வெரட்ட அக்கா கதவ இழுத்தா, அவ்ளோதான், துப்பாக்கி சரிஞ்சு குதிரை தரையில மோதி வெடிச்சிருச்சு. வீடு முழுக்கப் புகை. ரவை முக்காவாசி விறகுக் கட்டுல போய்ட்டு, ஒண்ணு மட்டும் அக்கா கணுக்கால்ல. கீழ ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, உண்மையச் சொன்னா போலீஸ் கேஸு, அதனால வீடே ஒரே குரல்ல கம்பி குத்திருச்சுன்னு சொன்னுச்சு. கம்பி குத்துனதுக்கு என்ன வைத்தியமோ அதப் பண்ணி அனுப்பிட்டாங்க. போன வருஷம் சுளுக்குன்னு எக்ஸ்ரே எடுத்தா அதே எடத்துல மிளகு சைசுக்கு வெள்ளையா ஒரு புள்ளி. டாக்டர் என்னன்னு கேக்குறாரு, அக்கா என் மூஞ்சியப் பாக்குது.

சட்டத்த இறுக்கணும்னு நான் சொன்னப்ப என் மனசுல இருந்தது அந்தக் கதவு மூலைதான் தம்பி. நீங்க அத லைசென்ஸ் குடுக்கக்கூடாதுன்னு சொன்னதா எடுத்துக்கிட்டீங்க, நானும் வேகத்துல சரியா எழுதல போல. இன்னைக்கு இருக்குற சட்டம் காகிதத்துல மோசமில்ல. 2016 ஆயுத விதிப்படி லைசென்ஸ் வாங்குறவன் பாதுகாப்புப் பயிற்சி எடுக்கணும், துப்பாக்கிய எப்படி பத்திரமா வச்சிருப்பேன்னு உறுதிமொழி குடுக்கணும். 2019 திருத்தத்துல ஒரு ஆளுக்கு மூணுன்னு இருந்தத ரெண்டா கொறச்சாங்க, லைசென்ஸ் காலத்த மூணு வருஷத்துல இருந்து அஞ்சா ஆக்குனாங்க. சரி, ஆனா வாங்குறப்ப ஆயிரம் கேள்வி கேக்குறவங்க வாங்குனதுக்கு அப்புறம் வீட்டுக்குள்ள வந்து அது எங்க இருக்குன்னு எத்தனை தடவை பாத்திருக்காங்க? எலக்‌ஷன் வந்தா கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றதோட சரி. இன்னொரு பக்கம், நேர் வழியில கேக்குற உங்கள மாதிரி ஆள வருஷக் கணக்குல அலையவிட்டா அவன் நாட்டுத் துப்பாக்கி செய்றவன்கிட்டத்தான் போவான், அவன்கிட்ட பயிற்சியும் கெடயாது உறுதிமொழியும் கெடயாது. குடுக்குறதா இருந்தா சீக்கிரம் குடு, இல்லைன்னா இல்லைன்னு காரணத்தோட எழுதிக் குடு, குடுத்ததுக்கு அப்புறம் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி இருக்கான்னு வருஷா வருஷம் வந்து பாரு, இதுதான் என் கட்சி.

குடகப் பத்திக் கேட்டீங்க. அது வெள்ளைக்காரன் காலத்துல இருந்து வர்ற சலுகை, அந்த ஊர் கொடவர் சமூகத்துக்கும் ஜம்மாங்கற பரம்பரை நிலம் வச்சிருக்குறவங்களுக்கும் மட்டும், 2019ல மத்திய அரசு இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டிச்சு 2029 வரைக்கும் குடுத்திருக்கு. அங்க துப்பாக்கிங்கறது சாமி மாதிரி, செப்டம்பர்ல கைல்போள்துன்னு நம்ம ஆயுத பூஜை மாதிரி எடுத்து வச்சு பூ போட்டு கும்பிடுறாங்க. பரம்பரையா பெரியவங்ககிட்ட இருந்து கைக்கு வர்ற பொருளுக்கு ஒரு பழக்கமும் பயமும் சேர்ந்து வருது. அதுக்காக அவங்க பன்னி சுடலாம்னு இல்ல, 1972 வனவிலங்கு சட்டம் அவங்களுக்கும் அதேதான்.

அமெரிக்கா கதை வேற. அங்க ஜனத்தொகையவிட துப்பாக்கி ஜாஸ்தி, 2018ல வந்த ஒரு கணக்குல 39 கோடி. கெட்டவன் லைசென்ஸ் வாங்கிட்டா சுடுறான்னு கேட்டீங்களே, 2022ல டெக்சாஸ் உவால்டியில 19 புள்ளைங்களையும் 2 டீச்சரையும் கொன்ன பையன் 18 வயசு முடிஞ்ச அதே வாரத்துல சட்டப்படிதான் ரெண்டு ரைபிள் வாங்குனான். 2012ல சாண்டி ஹூக் ஸ்கூல்ல 20 சின்னப் புள்ளைங்க, 6 பெரியவங்க, அங்க துப்பாக்கி அந்தப் பையனோட அம்மாவோடது, அவங்க முறைப்படி வாங்கி வீட்ல வச்சிருந்தது, மொதல்ல செத்ததும் அவங்கதான். நம்ம டிவியில வர்றது இந்த ஸ்கூல் சம்பவங்க மட்டும்தான். ஆனா 2022ல அங்க துப்பாக்கியால செத்தவங்க சுமார் 48 ஆயிரம் பேர், அதுல 27 ஆயிரம் சொச்சம் தற்கொலை. பாதிக்கு மேல! இது தெரிஞ்சப்ப எனக்கு நம்ம ஊர் மருந்து பாட்டில்தான் ஞாபகம் வந்துச்சு. காப்பிக்கும் வாழைக்கும் அடிக்கிற மருந்து, வீட்டு அலமாரியில கைக்கெட்டுற தூரத்துல. புருஷன் பொண்டாட்டி சண்டைல ஒரு நிமிஷக் கோவத்துக்கு எத்தனை சாவு பாத்திருக்கோம் நம்ம மலையில. இலங்கையில 90கள்ல ரொம்ப விஷமான பூச்சிமருந்துகள ஒண்ணொண்ணா தடை பண்ணாங்க, பத்து வருஷத்துல தற்கொலை விகிதம் பாதிக்கு வந்துருச்சு. சண்டையும் கடனும் அப்படியேதான் இருந்துச்சு, பாட்டில்தான் கைக்கெட்டல. துப்பாக்கியையும் நான் அப்படித்தான் பாக்குறேன்.

ஆஸ்திரேலியாவுல 1996ல போர்ட் ஆர்தர்ல ஒரே ஆள் 35 பேரக் கொன்னதும் அரசாங்கமே காசு குடுத்து ஆறரை லட்சம் துப்பாக்கி வரைக்கும் திரும்ப வாங்குச்சு. விவசாயிங்க கையில இருந்து எல்லாத்தையும் புடுங்கல. தோட்டம் இருக்கு, தேவை இருக்குன்னு காரணம் காட்டுனா இன்னைக்கும் வச்சுக்கலாம், பூட்டி வைக்கணும். தற்காப்புங்கறத மட்டும் அங்க காரணமா ஒத்துக்க மாட்டாங்க.

சரி, பன்னிக்கு என்ன பண்றது? லைசென்ஸ் கெடச்சாலும் நீங்க அதச் சுட முடியாது, இதத்தான் யாரும் உங்ககிட்ட சொல்லல போல. கேரளாவுல 2022ல பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரம் குடுத்து லைசென்ஸ் வச்சிருக்கவங்கள வச்சு சுட வைக்கிறாங்க. நம்ம அரசு 2025 ஜனவரியில போட்ட ஆணைப்படி காப்புக்காட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் தாண்டி வந்த பன்னிய வனத்துறை ஆளுங்க மட்டும் சுடலாம், ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டருக்குள்ள வந்தா புடிச்சு காட்டுல விடணும், ஒரு கிலோமீட்டருக்குள்ள ஒண்ணும் பண்ணக்கூடாது. நம்ம மலையில எந்தத் தோட்டம்யா காட்ட விட்டு மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கு, பாதி தோட்டத்துக்கு எல்லைக்கல்லே வேலி. இந்த ஆணை சமவெளிக்காரனுக்குப் போட்டது, மலைக்கு நஷ்டஈட்ட ஒழுங்கா குடுக்கணும், சோலார் வேலிக்கு மானியம் குடுக்கணும், அதுக்கு நீங்க மனு போட்டா மொத கையெழுத்து என்னோடது.

'வேற வழி பாத்துக்கிட்டேன்'னு எழுதியிருக்கீங்க, அது என்ன வழின்னு நான் கேக்கல. நாட்டுத் துப்பாக்கிய தானா கொண்டாந்து ஒப்படைச்சா கேஸ் இல்லைன்னு கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் போலீஸே சொல்லியிருக்காங்க, நம்ம மாவட்டத்துல எப்படின்னு எனக்குத் தெரிஞ்ச ஒரு வக்கீல் இருக்காரு, சனிக்கிழமை நான் வத்தலக்குண்டு வர்றேன், ஒண்ணாப் போய்ப் பாப்போம். அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், இதப் படிச்ச கையோட எந்திரிச்சுப் போய் அந்தக் கேப்பக் கழட்டி புள்ளைங்க கைக்கெட்டாத வேற ரூம்ல வச்சுட்டு வாங்க.