அப்பா எந்த டிபார்ட்மென்டில் இருந்தார்?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அப்பா காலமானார். கோவையில் முப்பது வருடம் மில் தொழிலாளி. தனக்கென்று ஒரு நல்ல சட்டைகூட எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். அதிகம் பேசமாட்டார். லீவு முடிந்து வேலைக்குப் போய்வரும் திங்கட்கிழமைகளில் கிட்டவே போக முடியாது, அவ்வளவு கோபம். நினைவு மலர் போடுகிறோம். அவர் தியாகத்தைக் கவிதையாக எழுதுவதா, கட்டுரையாகவா? சொந்த வீடு கட்டவில்லை என்று குத்திக்காட்டும் உறவினர்களுக்கும் அதில் பதில் சொல்லலாமா?

எஸ்., சிங்காநல்லூர்

அன்புள்ள எஸ்.,

உறவினர்களை விடுங்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் தியாகம் வருகிறது. மில்லில் அப்பா என்ன வேலை செய்தார் என்பது ஓரிடத்திலும் இல்லை. பஞ்சைப் பிரிக்கும் ப்ளோரூமா, சிக்கெடுக்கும் கார்டிங்கா, நூல் நூற்கும் ஸ்பின்னிங்கா? துக்கத்துக்கு வந்த மில் நண்பர்கள் திண்ணையில் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள், காபி கொடுத்தேன் என்கிறீர்கள். கொடுத்துவிட்டு ஏன் உள்ளே போனீர்கள்?

என் சித்தப்பா ப்ளோரூமில் இருந்தவர். பேல் என்கிற பஞ்சுப் பொதியின் இரும்புப் பட்டையை வெட்டி, இறுகிக் கிடக்கும் பஞ்சைக் கையால் பிரித்துப் போடுகிற வேலை. ஷிப்ட் விட்டு வரும்போது புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளை. வாசலில் நின்று துண்டால் தட்டிவிட்டு, ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொள்வார். வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று நம்பிக்கை. இறங்கவில்லை. லீவு முடிந்து போன அன்று நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். மறுநாள் தேவலாம் என்பார். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும். திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே அது இருந்தது.

உங்கள் அப்பாவுக்கு அது இருந்ததா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் திங்கட்கிழமைகளைக் கோபம் என்று அச்சடிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டாமா? மூச்சுக்குத் திணறுகிறவர் பிள்ளைகளிடம் என்னத்தைப் பேசுவார்?

தனக்கென வாழாதவர் என்று எந்த அப்பாவின் படத்துக்குக் கீழேயும் போடலாம். அதில் உங்கள் அப்பா எங்கே? 1888-இல் ஸ்டேன்ஸ் மில், 1930-களில் நீலகிரி பைக்காராவிலிருந்து மின்சாரம், அப்புறம் வரிசையாக மில்கள் என்று கோவையின் கதையை எல்லாரும் சொல்வார்கள். முதலாளிகள் பெயரில் சாலைகளும் கல்லூரிகளும் இருக்கின்றன. பஞ்சைப் பிரித்துப் போட்டவரைப் பற்றி அவர் பிள்ளைதான் எழுத வேண்டும். அந்தப் பிள்ளையும் தியாகி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் எனக்குக் கோபம் வராதா?

கவிதையோ கட்டுரையோ, உங்களுக்கு எது வருமோ அதை எழுதுங்கள். அதற்கு முன் அந்த நண்பர்களைப் போய்ப் பாருங்கள். அரை நைட் ஷிப்டா முழு நைட் ஷிப்டா, எந்த மெஷின், தூக்குப்போசியை எங்கே வைப்பார், யாருக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்டார், எல்லாம் கேளுங்கள். மலர் ஒரு மாதம் தள்ளிப் போனால் பரவாயில்லை. அவர்களுக்கும் வயதாகிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள்.