ஏரி கோடி விழுந்த பிறகு வாருங்கள்

அன்புள்ள ஐயா,

அருவிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, மே மாத விடுமுறையில் அப்பா, அம்மா, குழந்தைகளோடு ஏற்காடு போனோம். படகுச் சவாரி, லேடிஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் முடித்துவிட்டு மாலை 4 மணிக்குக் கிளியூர் அருவிக்கு வந்தோம். அத்தனை படி இறங்கினால் வெறும் பாறை. ஓரமாகக் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். முழங்கால் வலியோடு இறங்கிய அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. மறுபடி போகலாமா, விட்டுவிடலாமா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

கட்டாயம் போங்கள். ஆனால் மே மாதம் வேண்டாம். ஒரே நாளில் ஐந்து இடம் என்ற கணக்கும் வேண்டாம்.

கிளியூருக்கென்று வற்றாத ஆறு எதுவும் கிடையாது. ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிப் போய், ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. எங்கள் பக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் 'கோடி விழுந்திருச்சு' என்பார்கள். கோடி விழுந்தால்தான் கிளியூர் அருவி. காலையில் நீங்கள் படகில் போன ஏரியின் மிச்சத்தைத்தான் மாலையில் பாறையில் தேடியிருக்கிறீர்கள். கோடையில் ஏரிக்கே தண்ணீர் போதாது, அருவிக்கு எங்கிருந்து வரும்? யாராவது ஒருவர் இதை உங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம். நானும் அந்தக் கட்டுரையில் மாதத்தைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். அப்பாவிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

ஏற்காட்டுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்கின் கடைசி மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து ஏரியை நிரப்பிவிடும். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ, நல்ல மழை பெய்து ஓய்ந்து இரண்டு நாள் கழித்து வாருங்கள். மழை கொட்டுகிற அன்றைக்கே கிளம்ப வேண்டாம். மலைப்பாதையில் மூடுபனி இறங்கிவிடும், வெள்ளம் அதிகமானால் அருவிக்கு இறங்கவும் விடமாட்டார்கள்.

நவம்பரைச் சொல்ல இன்னொரு காரணம் காப்பி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த செடி, இன்றைக்கு மலை முழுக்க சில்வர் ஓக் நிழலில் நிற்கிறது. அந்த மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். நவம்பரில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கும். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். தோல் லேசாகத் தித்திக்கும், உள்ளே இரண்டு கொட்டைகள் கொழகொழவென்று வழுக்கும். காப்பி வாசனை கொஞ்சம்கூட இருக்காது. வறுத்தால்தான் அந்த வாசனை வரும் என்று அப்போது சொல்லிக்கொடுக்கலாம்.

சேலத்திலிருந்து காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடலாம். சாப்பாட்டுக்குப் புளிசாதம் போதும். முந்தின நாள் சாயங்காலமே சேலத்தில் தட்டுவடை வாங்கி வையுங்கள். ஆனால் சட்னியும் காயும் நடுவில் வைத்துத் தருகிற செட்டாக வாங்காதீர்கள், நமத்துப்போகும். தட்டுவடை தனி, காரச்சட்னி தனி. கேரட்டும் பீட்ரூட்டும் காலையில் துருவி எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்து இரண்டு தட்டுவடைக்கு நடுவில் வைத்துக் கடித்தால் அந்த மொறுமொறுப்பு அப்படியே இருக்கும். சாப்பிட்ட கவரை மட்டும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். அருவிக்குக் கீழே வற்றிய குட்டையில், பாறை இடுக்குகளில் சிப்ஸ் கவர்கள் செருகிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏரிக்கரையில் போட்டதும் தண்ணீரோடு அங்கேதான் வந்து சேரும். எனக்கு அது தாங்கவில்லை.

அப்புறம், அப்பா. அவர் கடைசிப் படிவரை இறங்க வேண்டியதில்லை. என் அம்மாவைக் கூட்டிப்போனபோது பாதி வழியில் 'நான் இங்கேயே இருக்கேன்' என்று படியில் உட்கார்ந்துவிட்டார். குழந்தைகளோடு கீழே போய் ஒரு மணி நேரம் கழித்து ஏறி வந்தேன். அம்மா அதே இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தைக் கேட்டபடி இருந்தார். முகத்திலும் முன்முடியிலும் பொடிப்பொடியாக ஈரம். 'இங்கேயே சாரல் வருதுடா, கீழே என்னத்துக்கு?' என்றார். அவரோடு நானும் உட்கார்ந்தேன். அன்றைக்கு வேறு எந்த இடத்துக்கும் நாங்கள் போகவில்லை.

நீங்கள் பார்த்த அந்த வெறும் பாறையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய கருங்கல்தான். மழைக்காலத்தில் தண்ணீர் எந்த விளிம்பில் மோதி, எங்கே பிரிந்து, எங்கே சேருகிறது என்று அப்பாவால் அடையாளம் சொல்ல முடியும். முதல் தடவை நவம்பரில் வருகிறவர்களுக்கு அது தெரியாது.

மழைக்குப் பிறகு படிகளில் பாசி வழுக்கும். அவருக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போட்டுவிடுங்கள். போய்வந்ததும் எழுதுங்கள்.