ஃபோரம் அட்மின்களின் தலைவலிகள்: வாசகர் கேள்வி – பதில்

இணைய மன்றம் நடத்துபவர்களுக்கு அந்த மென்பொருளில் எது பெரிய எரிச்சல் என்று போன இதழில் கேட்டிருந்தோம். நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் அதிகம் பேர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். எழுதியவர்களில் பலர் பிஎச்பிபிபி என்ற மன்ற மென்பொருளை வைத்திருப்பதால், வேறு பெயர் சொல்லாத இடங்களில் செட்டிங்குகள் அதன் 3.3 பதிப்பில் உள்ளவை.

கேள்வி: சிறு தேயிலை விவசாயிகளுக்காக மன்றம் நடத்துகிறோம். 'கவாத்து' என்று தேடினால் திரிகள் (உரையாடல்கள்) வருகின்றன. 'தேயிலை' என்று தேடினால் ஒன்றுமே வருவதில்லை. என்ன கோளாறு?
— வாசகர், கோத்தகிரி

பதில்: இது கோளாறு அல்ல, செட்டிங் செய்கிற வேலை. பிஎச்பிபிபி-யின் சொந்தத் தேடலில் 'காமன் வேர்ட் த்ரெஷோல்ட்' என்று ஓர் எண் உண்டு. இயல்பாக அது 5 சதவீதம். மன்றத்தில் நூறு பதிவு சேர்ந்த பிறகு, மொத்தப் பதிவுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஒரு சொல் வந்தால், அதைப் பொதுச்சொல் என்று முடிவுகட்டித் தேடலிலிருந்து தள்ளிவிடும். தேயிலை மன்றத்தில் தேயிலை என்ற சொல் இல்லாத பதிவு எத்தனை இருக்கும்? மன்றத்துக்கு எந்தச் சொல் உயிரோ, அதுவே முதலில் போகிறது. அட்மினுக்கான கட்டுப்பாட்டுப் பகுதியான ஏசிபி-யில் சர்ச் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் அந்த எண்ணை 0 ஆக்குங்கள்.

அதே பக்கத்தில், சொல்லின் அதிகபட்ச நீளம் 14 என்று இருக்கும். ஆங்கிலத்துக்கு அது தாராளம், தமிழுக்குப் போதாது. 'தே' நமக்கு ஓரெழுத்து. கணினி தகரத்தை ஒன்றாகவும் இரட்டைக்கொம்பை இன்னொன்றாகவும் எண்ணும். புள்ளிக்கும் தனிக் கணக்கு. அந்தக் கணக்கில் 'விவசாயிகளுக்கு' சரியாக 14, 'தோட்டங்களிலிருந்து' 18. பதினான்கைத் தாண்டிய சொல் தேடலுக்கான பட்டியலான இன்டெக்ஸில் ஏறவே ஏறாது. 40 என்று வையுங்கள்.

எண்களை மாற்றிச் சேமித்துவிட்டுத் தேடிப் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. பொதுச்சொல் என்று ஒதுக்கியபோதே அந்தச் சொல்லுக்கான குறிப்புகளை மென்பொருள் அழித்துவிட்டது. மெயின்டனன்ஸ் பகுதியில் 'சர்ச் இன்டெக்ஸ்' போய், பழையதை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும். பதிவுகள் நிறைய இருந்தால் நேரம் பிடிக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த இரவில் தொடங்குங்கள். இடையில் பிரவுசரை மூடினால் வேலை நின்றுவிடும், மறுபடி அங்கிருந்தே தொடரலாம்.

வேற்றுமை உருபுக்கு இந்த முறையில் வழி கிடையாது. 'கொழுந்து' என்று தேடுபவருக்குக் 'கொழுந்தை', 'கொழுந்தில்' கிடைக்காது. 'கொழுந்த' என்று அடித்துக் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் வரும். தேடல் பெட்டிக்குக் கீழே இதை ஒரு வரியாக எழுதிவையுங்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 12 அல்லது அதற்குப் பிந்தியதாக இருந்தால், தமிழ்ச் சொற்களின் விகுதியை வெட்டிப் பார்க்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தத் தேடல் முறைக்கு மாறி, மொழியைத் தமிழ் என்று வைத்தால் நட்சத்திரக் குறியின் தேவை குறையும்.

கேள்வி: கொப்புள நோய் வந்த இலையைப் படம் எடுத்துப் போடுங்கள் என்று சொல்கிறோம். பலருக்குப் படம் ஏறுவதே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எரர். கடைசியில் நோய் முற்றிய பிறகுதான் படம் வருகிறது.
— வாசகர், குன்னூர்

பதில்: எரர் வேறு வேறாக வருவதற்குக் காரணம், படம் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வாசல்களைத் தாண்ட வேண்டியிருப்பதுதான். உங்கள் சர்வரில் பக்கங்களை அனுப்பும் மென்பொருளாக இஞ்சின்எக்ஸ் இருந்தால் அதன் இயல்பு அளவு 1 எம்.பி. அதைத் தாண்டினால் 413 என்ற எண் வரும். அடுத்தது மன்றம் ஓடும் நிரல்மொழியான பிஎச்பி: ஒரு கோப்புக்கு 2 எம்.பி., ஒரு படிவத்துக்கு மொத்தம் 8 எம்.பி. கடைசி வாசல் மன்ற மென்பொருள். பிஎச்பிபிபி-யில் பதிவோடு இணைக்கும் ஒரு கோப்புக்கு இயல்பாக 256 கே.பி.தான். இன்றைக்கு ஃபோனில் எடுக்கும் ஒரு படம் 3, 4 எம்.பி. வருகிறது. செல்ஃபோன் கேமரா பரவாத காலத்து எண்ணை இன்னும் அப்படியே விட்டுவைத்திருப்பது சரியல்ல என்பது எங்கள் கருத்து.

மூன்றையும் 8 எம்.பி.-க்குக் குறையாமல் வையுங்கள். பிஎச்பி-யில் படிவ அளவு கோப்பு அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். பிறகு 'அட்டாச்மென்ட் கோட்டா' என்ற எண்ணைப் பாருங்கள். மன்றத்தின் எல்லாப் படங்களும் சேர்ந்து 50 எம்.பி. என்று இருக்கும். அது நிறைந்த நாளில் ஒருவருக்கும் படம் ஏறாது, அட்மினோ போன வாரம் மாற்றிய ஏதோ ஒன்றைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார்.

வரம்பை உயர்த்தியதோடு வேலை முடியாது. சிக்னல் சுமாரான தோட்டத்தில் அப்லோட் வேகம் 256 கே.பி.பி.எஸ். என்றால் 5 எம்.பி. படம் ஏற இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஒரு நிமிடம் சிக்னல் அறுந்தால் இஞ்சின்எக்ஸ் தொடர்பை வெட்டிவிடும். அதனால் அட்டாச்மென்ட் செட்டிங்ஸில் படத்தின் அதிகபட்ச அகல உயரத்தை 1600-க்கு 1600 என்று கொடுங்கள். 3.3 பதிப்பில் படம் ஃபோனிலிருந்து கிளம்பும் முன்பே பிரவுசரில் சிறிதாகிவிடும், பெரும்பாலும் சில நூறு கே.பி.தான் வரும். இலையின் அடிப்பக்கத்து வெண்மையான கொப்புளத்தை அடையாளம் காண அந்த அளவு போதும். பக்கத்திலேயே, படத்தோடு ஒட்டிவரும் விவரங்களான மெட்டாடேட்டாவை நீக்கும் செட்டிங் இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் தோட்டத்து வீடு எங்கே இருக்கிறது என்பதைப் படமே ஜி.பி.எஸ். எண்களோடு ஊருக்குச் சொல்லிவிடும்.

கேள்வி: நீளமாகத் தட்டச்சு செய்து 'சப்மிட்' கொடுத்தால் மறுபடி லாகின் கேட்கிறது. எழுதியது போய்விடுகிறது. உறுப்பினர்கள் வெறுத்துப்போகிறார்கள்.
— வாசகர், கூடலூர்

பதில்: செக்யூரிட்டி செட்டிங்ஸில் 'செஷன் ஐ.பி. வேலிடேஷன்' என்பதைப் பாருங்கள். இயல்பாக ஐ.பி. எண்ணின் (உறுப்பினரின் இணைய இணைப்புக்கான முகவரி) முதல் மூன்று பகுதிகள் மாறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கத்திலும் சோதிக்கும். கேபிள் இணைப்பு உள்ள ஊரில் இது நல்ல காவல். உங்கள் பக்கம் ஃபோன் வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறும், எல்லையோரத்தில் கேரள டவருக்குத் தாவும், எண்ணும் கூடவே மாறும். திருடன் வந்துவிட்டான் என்று மென்பொருள் உறுப்பினரை வெளியே தள்ளிவிடுகிறது.

சோதனையை 'நன்' (எதுவும் வேண்டாம்) என்று மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் தளம் முழுக்கப் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்-இல் ஓட வேண்டும், குக்கி (லாகினை நினைவில் வைக்கும் சிறு கோப்பு) செட்டிங்ஸில் 'செக்யூர்' ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறொருவர் குக்கியைத் திருடி நுழைய வழி திறந்துவிடும். எச்டிடிபிஎஸ்-க்குத் தேவையான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம்தான்.

இன்னொரு எண்ணும் உண்டு. படிவத்தைத் திறந்து 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் அது செல்லாது. கரண்ட் போய் வந்த பிறகு எழுதி முடிப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். நான்கு மணி நேரமாகக் கூட்டினால் பாதகமில்லை. லாகின் செய்யும்போது 'ரிமெம்பர் மீ' டிக் செய்யவும், எழுதும்போது 'சேவ் டிராஃப்ட்' அழுத்தவும் உறுப்பினர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: புதிதாகச் சேருபவர்களுக்கு ஆக்டிவேஷன் மெயில் போய்ச் சேருவதில்லை. ஒவ்வொருவரையும் கையால் ஆக்டிவேட் செய்து சலித்துவிட்டது.
— வாசகர், உதகை

பதில்: அனுப்புநர் முகவரியில் உங்கள் சொந்த ஜிமெயிலைப் போட்டிருக்கிறீர்களா? பாதிப் பேரின் பிரச்சினை அங்கேதான். உங்கள் சர்வர் ஜிமெயில் பெயரில் அனுப்புவது ஆள்மாறாட்டம் போலத்தான் தெரியும். கூகுள் தன் வழிகாட்டியிலேயே அப்படிச் செய்யாதீர்கள் என்கிறது. மன்றத்தின் சொந்த டொமைனில் ஒரு முகவரி வைத்து, பிஎச்பி-யின் மெயில் வசதியை விட்டுவிட்டு மெயில் சர்வரோடு நேரே பேசும் எஸ்எம்டிபி வழியாக, 587 போர்ட்டில் (வாசல் எண்) பாஸ்வேர்டோடு அனுப்புங்கள். 25-ஆம் போர்ட்டைப் பல ஹோஸ்டிங்குகள் அடைத்தே வைத்திருக்கும்.

பிறகு டிஎன்எஸ், அதாவது உங்கள் டொமைனின் விவரப் பட்டியல். உங்கள் பெயரில் எந்தச் சர்வர் மெயில் அனுப்பலாம் என்று அதில் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். பழையதை நீக்காமல் புதிதாக இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. அதற்குள் வேறு டொமைன்களைத் தேடவைக்கும் குறிப்புகள் பத்தைத் தாண்டக் கூடாது. மெயிலில் உங்கள் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் சாவி 2048 பிட் என்றால் 255 எழுத்தைத் தாண்டும். அதை இரண்டு துண்டாக, தனித்தனி மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். சில பேனல்கள் வாலை வெட்டிவிட்டு ஒன்றும் சொல்லாது. இந்தச் சோதனைகளில் தவறும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் 'நன்' என்று வைத்து, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு இறுக்குங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும்.

சோதிக்க, உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்பி 'ஷோ ஒரிஜினல்' திறங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும்.

கேள்வி: எல்லாரும் வாட்ஸ்ஆப் குரூப்பில் இருக்கும்போது ஃபோரம் எதற்கு?
— வாசகர், குன்னூர்

பதில்: இன்றைய பச்சைத் தேயிலை விலைக்கு வாட்ஸ்ஆப் போதும். போன வருடம் இதே பூச்சிக்கு யார் எந்த மருந்தை எந்த அளவில் அடித்தார்கள், அது கேட்டதா என்பதைப் புதிதாக வந்த ஒருவர் தேடி எடுக்கத் திரிதான் வேண்டும்.

கேள்வி: காபி, பூண்டு விவசாயிகளின் மன்றம். தினமும் போலி உறுப்பினர்கள். படக் கேப்சா (ஆளா மெஷினா என்று சோதிக்கும் படப் புதிர்) போட்டும் நிற்கவில்லை.
— வாசகர், கொடைக்கானல்

பதில்: படக் கேப்சாவை எடுத்துவிட்டுக் கேள்வி–பதில் கேப்சா வையுங்கள். கேள்வி தமிழில், தொழிலுக்குள்ளிருந்து வரட்டும்: 'காபிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின் எது?' பல்ப்பர், பல்பர், பல்ப்பிங் மெஷின் என்று மக்கள் எழுதக்கூடிய எல்லா வடிவங்களையும் வரிக்கு ஒன்றாகக் கொடுங்கள். 'ஸ்ட்ரிக்ட் செக்' வேண்டாம், உண்மையான விவசாயி கூடுதல் இடைவெளி போன்ற சின்ன வித்தியாசத்தால் வெளியே நிற்கக் கூடாது. ஆளை வைத்து நிரப்பும் ஸ்பேமர்களும் உண்டு என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை கேள்வியை மாற்றுங்கள்.

புதியவர்களின் முதல் சில பதிவுகள் அனுமதிக்குப் பிறகே வெளிவரட்டும். பலர் கவனிக்காத தந்திரம் ஒன்று உண்டு: 'நல்ல தகவல், நன்றி' என்று எழுதி அனுமதி வாங்கிவிட்டு, பத்து நாள் கழித்து அதே பதிவைத் திருத்தி லிங்கைச் செருகுவார்கள். திருத்தும் நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறுக்கினால் இது நிற்கும். டிஸ்கோர்ஸ் என்ற இன்னொரு மன்ற மென்பொருளில் இந்தக் காவல் உள்ளேயே இருக்கிறது. 5 திரி திறந்து, 30 பதிவு படித்து, 10 நிமிடம் செலவிட்ட பிறகே ஒருவர் அடுத்த படிக்கு ஏறுவார். அதற்கு முன் அவருக்கு லிங்க், படம் எல்லாம் அளவோடுதான்.

கேள்வி: சண்டை போட்ட ஒருவரின் ஐ.பி.-யைத் தடை செய்தேன். நல்ல உறுப்பினர்கள் பலருக்கும் தளம் திறக்கவில்லை. எனக்கே திறக்கவில்லை!
— வாசகர், பண்ணைக்காடு

பதில்: மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபிவி4 எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. தோட்டத்தில் ஒரு லைன் முழுக்க எல்லா வீட்டுக்கும் ஒரே தபால்பெட்டி இருப்பது போல. மலையில் பெரும்பாலோர் மொபைல் டேட்டாவில் இருக்கிறார்கள், ஐ.பி. தடையை மறந்துவிடுங்கள். பயனர் பெயரையும் மெயிலையும் தடை செய்யுங்கள். உங்கள் கணக்கு 'ஃபவுண்டர்' (மன்றத்தை நிறுவியவர்) என்றால் தடைச் செய்தியோடு லாகின் பெட்டியும் வரும், அதன் வழியே நுழைந்து தடையை நீக்கலாம்.

கேள்வி: ஒரு ஃபேக்டரியைப் பற்றிக் கடுமையாக எழுதிய பதிவை நீக்கச் சொல்கிறார்கள். நீக்கினால் எழுதியவர் கோபிக்கிறார். என்ன செய்வது?
— வாசகர், கோத்தகிரி

பதில்: 'சாஃப்ட் டெலீட்' செய்யுங்கள். வெளியே தெரியாது, உள்ளே இருக்கும், தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவரலாம். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் நீக்கிய பதிவின் விவரத்தை 180 நாள் காப்பாற்றச் சொல்கின்றன. குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். சின்ன மன்றத்தில் அது அட்மினாகவே இருக்கலாம்.

கேள்வி: ஹோஸ்டிங்காரர்கள் பிஎச்பி-யை 8-க்கு மாற்றியதும் எங்கள் 3.2 பதிப்பு வெள்ளைப் பக்கமாகிவிட்டது. டிஸ்கோர்ஸுக்கு மாறிவிடலாமா?
— வாசகர், மஞ்சூர்

பதில்: முதலில் தளத்தை எழுப்புங்கள். ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் 'செலக்ட் பிஎச்பி வெர்ஷன்' இருந்தால் 7.4-க்குத் திரும்புங்கள், மன்றம் வந்துவிடும். ஆனால் 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அங்கேயே தங்க வேண்டாம்.

பேக்கப் எடுத்த பிறகு எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதலாகச் சேர்த்த வசதிகள்) எல்லாவற்றையும் நிறுத்துங்கள், தோற்றத்தை இயல்பான புரோசில்வருக்கு மாற்றுங்கள். அப்டேட் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் காரணம். கான்ஃபிக் கோப்பையும் ஃபைல்ஸ், இமேஜஸ், ஸ்டோர், எக்ஸ்ட் ஃபோல்டர்களையும் விட்டுவிட்டு மற்றதை அழித்து 3.3-ஐ ஏற்றுங்கள். புதுப் பொதியில் இருக்கும் காலியான கான்ஃபிக் கோப்பு பழையதை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் ஃபோல்டர் வழியே டேட்டாபேஸை மட்டும் அப்டேட் செய்து, அந்த ஃபோல்டரை நீக்குங்கள். பிறகு பிஎச்பி-யை உயர்த்தி, எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். எது விழவைக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

டிஸ்கோர்ஸ் நல்ல மென்பொருள், ஆனால் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஓடாது. டாக்கர் (மென்பொருளைப் பொதியாக ஓட்டும் கருவி) ஓடக்கூடிய தனி விபிஎஸ் (உங்களுக்கென ஒதுக்கிய வாடகைச் சர்வர்) வேண்டும், நினைவகம் குறைந்தது 1 ஜி.பி. 2 ஜி.பி.-க்குக் குறைந்தால் ஸ்வாப் (டிஸ்கில் ஒதுக்கும் துணை நினைவகம்) அவசியம், இல்லாவிட்டால் மென்பொருளை மறுபடி கட்டும் ரீபில்டு நடுவில் நின்றுபோகும். மெயில் சரியாக வேலை செய்யாமல் நிறுவவே தொடங்காதீர்கள். உறுப்பினர்களிடம் பழைய ஃபோன்கள் அதிகம் என்றால் இப்போதைக்கு இருப்பதிலேயே இருங்கள்.

பேக்கப் பற்றி ஒரு வார்த்தை. பிரவுசரில் டேட்டாபேஸைக் கையாளும் பிஎச்பிமைஅட்மினில் எடுக்கும்போது நேர வரம்பு தாண்டினால் கோப்பு பாதியில் நிற்கும், பார்க்க முழுசாகத்தான் தெரியும். முடிந்தால் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையில் எடுங்கள். கோப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு சோதனை டேட்டாபேஸில் ஏற்றி, எழுத்துருவாக்கம் யுடிஎஃப்8எம்பி4 என்று கொடுத்து, தமிழ் ஒழுங்காக வருகிறதா என்று ஒரு திரியைத் திறந்து படித்துப் பாருங்கள். அதே சர்வரில் வைத்தால் சர்வரோடு பேக்கப்பும் போகும், ஒரு பிரதியை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறக்கிவையுங்கள்.